இரண்டு கறுத்த பிளக்குகள்

நேற்று கந்தர்வக்கோட்டையிலிருந்து முருகேசன் போன் செய்தான். நான் கடைசியாக வேலை பார்த்த ஷெட்டில் எனக்குக் கீழே இருந்தவன். இப்போது சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறான். முந்திரித் தோப்புக்காரர் ஒருவர் ஆசைப்பட்டு ஒரு பழைய இங்கிலீஷ் காரை வாங்கி அவனிடம் கொண்டுவந்து விட்டிருக்கிறார். ஒரு இன்ஜினுக்கு இரண்டு கார்புரேட்டர் வைத்த வண்டி.

"அண்ணே, இன்ஜினை ஓட விட்டு போனைப் பக்கத்துல வைக்கிறேன். சத்தத்தைக் கேட்டு எந்தப் பக்கம் திருப்பணும்னு மட்டும் சொல்லுங்க" என்றான். வைத்தான். அரிசி மில்லுக்குள் நின்றுகொண்டு பேசுவதுபோல் ஒரு இரைச்சல்தான் எனக்குக் கேட்டது.

"இதைக் கேட்டுச் சொல்றதுக்கு நான் என்ன குறி சொல்றவனாப்பா?" என்றேன்.

சிரித்துவிட்டு அடுத்து ஒன்று சொன்னான். அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். "பெட்ரோல் ரொம்பக் குடிக்குதுண்ணே. மொதலாளி டிரைவர் மேல சந்தேகப்படுறாரு. நான் பார்த்த வரைக்கும் இன்ஜின்ல ஒண்ணுமில்ல."

"அதை மொதலாளிகிட்ட சொல்லிட்டியா?"

"இல்லண்ணே. நாளைக்கு வாராரு."

"சொல்லாத. அவரை ரெண்டு நாள் கழிச்சு வரச்சொல்லு. நான் எழுதி அனுப்புறேன், படிச்சிட்டு அப்புறம் வாயைத் தொற" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். முருகேசா, படி.

நான் பட்டறை வேலைக்குச் சேர்ந்தபோது சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவுக்குள் போயிருந்தது. அரண்மனையைச் சுற்றியிருந்த பெரிய மனிதர்களின் கார்கள் ஒவ்வொன்றாகக் கை மாறின. வாங்கியவர்களில் பாதிப்பேர் திருமயத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் செட்டியார்கள். பர்மா, மலாயா என்று தொழில் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்கள். அந்த வண்டிகளுக்கு ஒன்று வந்தால் மதுரைக்கோ திருச்சிக்கோ இழுத்துக்கொண்டு போக வேண்டும், அல்லது புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த எங்கள் பட்டறைக்கு வர வேண்டும்.

வேலை கற்றுக்கொண்ட கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். முதலில் நட்டுக் கழுவினேன். அப்புறம் சக்கரம் கழற்றினேன். அப்புறம் பிரேக், கிளட்ச், கியர் பெட்டி. எல்லாப் பட்டறையிலும் எல்லோரும் இதைத்தான் செய்திருப்பார்கள். ஐம்பதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணமாகி, பட்டறையில் மேஸ்திரிக்கு அடுத்த ஆளாக இருந்தேன்.

மேஸ்திரியின் பெயர் சிங்காரம். யுத்த காலத்தில் ராணுவப் பட்டறையில் இருந்தவர். இங்கிலீஷ் வண்டிகளெல்லாம் அவருக்கு அங்கே பழக்கம். ஆள் ஒல்லி, குரல் மட்டும் கனம். அவரிடம் இரண்டு குணம் உண்டு. ஒன்று, இன்ஜின் ஓடும்போது யாரும் பேசக் கூடாது. செட்டியார் ஆனாலும் சரி, தாசில்தார் ஆனாலும் சரி, வாயைத் திறந்தால் மேஸ்திரி சாவியை அடைத்துவிட்டு, "நீங்க பேசி முடிங்க, நான் அப்புறம் பார்க்கிறேன்" என்று போய் உட்கார்ந்துகொள்வார். இரண்டாவது, அழுக்கு ஆகாது. எண்ணெய் வழிந்த இன்ஜினோடு எந்த டிரைவராவது வண்டியைக் கொண்டுவந்தால், "இதுல நான் கை வைக்கவா, இல்ல நாத்து நடவா?" என்று எல்லார் முன்னாலும் மானத்தை வாங்கிவிடுவார். அதனால் டிரைவர்கள் பட்டறைக்கு வருவதற்கு முன்னால் ஏதாவது ஒரு ஊருணிக்கரையில் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, துடைத்துப் பெருக்கிக் கோலம் போடாத குறையாகக் கொண்டுவருவார்கள். இந்தக் குணத்தால் என்ன வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இரட்டைக் கார்புரேட்டரை அவர் சரி பண்ணும் முறையை முதலில் எழுதிவிடுகிறேன். முருகேசனுக்கு உபயோகப்படும்.

காற்றையும் பெட்ரோலையும் சரியான அளவில் கலந்து இன்ஜினுக்கு அனுப்புவதுதான் கார்புரேட்டரின் வேலை. அந்த இங்கிலீஷ் கார்புரேட்டரின் தலையில் குவளையைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஓர் அலுமினிய மூடி இருக்கும். நாங்கள் குவளை என்றே சொல்வோம். குவளைக்குள் ஒரு பிஸ்டன் ஏறி இறங்கும். பிஸ்டனின் அடியில் ஓர் ஊசி, கீழே ஜெட் என்கிற துளைக்குள் தொங்கும். காற்று எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுக்குப் பிஸ்டன் ஏறும், ஊசியும் ஏறும், அதற்கேற்ற பெட்ரோல் வரும். குவளையின் உள்சுவருக்கும் பிஸ்டனுக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான் உண்டு. உரசவும் கூடாது, தளரவும் கூடாது. தளர்ந்துவிட்டால் பிஸ்டன் ஏற வேண்டிய அளவுக்கு ஏறாது. காற்று போகிற வழி குறுகிப்போய், பெட்ரோலை இழுத்துக் குடிக்க ஆரம்பித்துவிடும். இந்த இடத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேஸ்திரி எடுத்தவுடன் கார்புரேட்டரில் கை வைக்க மாட்டார். டாப்பெட், பாயின்ட், பெட்ரோலுக்குத் தீப்பொறி கொடுக்கிற பிளக்கு மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பார். இன்ஜின் நன்றாகச் சூடேறும்வரை ஓட விடுவார். பிறகு காற்று வடிகட்டிகள் இரண்டையும் கழற்றி வைப்பார். இரண்டு கார்புரேட்டரையும் சேர்த்து இழுக்கிற கம்பியின் நட்டைத் தளர்த்தி, இரண்டையும் தனித்தனி ஆளாக்குவார். ஆஸ்பத்திரியில் வைத்திருப்பார்களே, சிவப்பு ரப்பர் குழாய், அதில் ஒரு துண்டு அவரிடம் இருந்தது. ஒரு முனை காதில். மறுமுனை முன் கார்புரேட்டரின் வாயில். உஸ்ஸென்று காற்று இழுக்கும். அதைக் கேட்டுக்கொண்டு அடுத்ததன் வாயில் வைப்பார். இரண்டு உஸ்ஸும் ஒன்றாக ஆகும்வரை திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவார். வெற்றிலை போட மாட்டார். மெல்லுகிற சத்தம் காதுக்குள் கேட்குமாம்.

அடுத்தது கலவை. கார்புரேட்டரின் அடியில் ஜெட்டை ஏற்றி இறக்க ஒரு நட்டு இருக்கும். இரண்டையும் முழுக்க மேலே ஏற்றிவிட்டு, இரண்டையும் ஒரே அளவு இறக்குவார். பிறகு மெல்லிய திருப்புளியின் நுனியால் ஒரு பிஸ்டனை நகக்கண் அளவு தூக்குவார். இன்ஜின் வேகமெடுத்து அப்படியே ஓடினால் பெட்ரோல் அதிகம். நொண்டி அடங்கினால் பெட்ரோல் போதவில்லை. லேசாக ஏறிவிட்டுத் தன் நிலைக்கு வந்து நின்றால் சரி. இதையே அடுத்ததற்கும் செய்துவிட்டு, மறுபடி முதலாவதற்கு வருவார். ஏனென்றால் ஒன்றைத் தொட்டால் மற்றதும் கொஞ்சம் மாறும். எல்லாம் முடிந்து கம்பியின் நட்டை முடுக்கிய பிறகு, திரும்பவும் குழாயை வைத்துக் கேட்பார். முடுக்கும்போது நகர்ந்திருக்கும் என்பார். பாதி நாள் நகர்ந்துதான் இருக்கும்.

இந்த முறையில் ஒரு குற்றமும் இல்லை. இன்றைக்கும் இதற்கு மேலே ஒன்றுமில்லை. ஆனால் இது முழுவதும் வண்டி நின்றுகொண்டிருக்கும்போது செய்கிற வேலை. இன்ஜின் மெதுவாக ஓடும், பிஸ்டன் கீழேயே இருக்கும், ஆளும் மூட்டையும் ஏற்றி மேட்டில் இழுக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பது இதில் தெரியாது.

இனி வீரையா. திருமயத்துக்குப் பக்கத்து ஊர்ச் செட்டியார் ஒருவரின் இரட்டைக் கார்புரேட்டர் காருக்கு டிரைவர். எனக்கும் அவனுக்கும் ஒரே ஊர், குன்றாண்டார்கோவில் பக்கம். பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. வண்டியை அவன் வைத்திருந்த நேர்த்தியைப் பார்த்து மேஸ்திரியே ஒருநாள் மற்ற டிரைவர்களிடம், "இவனைப் பாருங்கடா, இன்ஜினை எலை போட்டுச் சாப்பிடுற மாதிரி வச்சிருக்கான்" என்று சொல்லியிருக்கிறார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வாங்கியவன் அவன் ஒருவன்தான்.

அந்த வருடம் தீபாவளி கழிந்து செட்டியாரே வண்டியோடு பட்டறைக்கு வந்தார். கடுகடுப்பான மனிதர் இல்லை. சங்கடத்தோடுதான் பேசினார். "மேஸ்திரி, முன்னெல்லாம் டேங்கை நிரப்பினா மதுரைக்குப் போய்த் திரும்பினாலும் மிச்சமிருக்கும். இப்ப வழியிலேயே பெட்ரோல் போட வேண்டியிருக்கு. என்னன்னு பாருங்க."

மேஸ்திரி வீரையாவைக் கேட்டார். "யாரும் இன்ஜின்ல கை வச்சாகளா?"

"இல்லைங்க மேஸ்திரி. யாரும் கை வைக்கலை."

பிளக்குகளைக் கழற்றினோம். நான்கும் புதிது மாதிரி இருந்தன. டாப்பெட், பாயின்ட் எல்லாம் சரி. மேஸ்திரி ரப்பர் குழாயை எடுத்தார். பின் கார்புரேட்டரில் கொஞ்சம் வித்தியாசம் இருந்தது, சரி பண்ணினார். குவளைகளின் உச்சியிலுள்ள பித்தளைத் திருகைக் கழற்றி எண்ணெய் விட்டார். குவளை இரண்டும் கண்ணாடி மாதிரி மின்னின. இன்ஜின் பூனை தூங்குகிற மாதிரி ஓடியது. சாவியை அடைத்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"இன்ஜின் சுத்தமா இருக்குங்க. இதுல பெட்ரோல் வீணாகலை."

"அப்ப எங்கிட்டுப் போகுது?"

"அது எனக்குத் தெரியாதுங்க. இன்ஜின் வழியாப் போகலை."

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அதைக் கேட்டதும் செட்டியார் திரும்பி வீரையாவைப் பார்த்தார். வீரையாவின் முகம் செத்துவிட்டது. டிரைவர்கள் குழாய் போட்டுப் பெட்ரோலை உறிஞ்சி விற்பது அந்தக் காலத்தில் ஊரறிந்த சங்கதி. மேஸ்திரி சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

ஊருக்குப் போனதும் செட்டியார் கார் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். போலீசுக்குப் போகவில்லை. அந்தப் பக்கத்து வழக்கப்படி, வருகிற வெள்ளிக்கிழமை கருப்பர் கோவிலில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணு, விட்டுவிடுகிறேன் என்றார். கையில் எரிகிற சூடத்தை, நான் எடுக்கவில்லை என்று சொல்லிக் கருப்பர் முன்னால் அணைக்க வேண்டும். இதைச் செட்டியார் கோவில் வாசலிலேயே நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார்.

வீரையா மாட்டேன் என்றான்.

அவன் பெண்டாட்டி வள்ளி அப்போது மாசமாக இருந்தாள். முன்னால் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. சூடம் அணைத்தால், சொன்னது உண்மையாகவே இருந்தாலும், அணைத்தவன் வம்சத்தில் ஓர் உயிரைக் கருப்பர் தொடாமல் விடமாட்டார் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனாலேயே நியாயம் தன் பக்கம் இருந்தாலும் சத்தியத்துக்குப் பயந்து வழக்கை விட்டுக்கொடுத்தவர்கள் உண்டு. படிக்கிறவர்கள் பயப்பட வேண்டாம், அந்தப் பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. டீச்சராக வேலை பார்த்து, பேரன் பேத்தியோடு இருக்கிறாள். ஆனால் அன்றைக்கு அதை யார் கண்டார்கள்? வீரையா சத்தியத்துக்கு மறுத்ததும் ஊர் முடிவு கட்டிவிட்டது. எடுக்காதவனுக்கு என்ன பயம் என்றது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவன் பட்டறைக்கு வந்தான். மேஸ்திரி சாப்பிடப் போயிருந்தார். என் பக்கத்தில் ஒரு டயர் மேல் உட்கார்ந்தான்.

"மேஸ்திரி வாயால வந்துருச்சு. இனி நான் என்ன சொல்லி என்ன? பினாங்குல ஒரு மாமன் இருக்காரு. அங்கிட்டுப் போயிரலாமான்னு பார்க்கிறேன்."

"வள்ளியை இந்த நிலைமையில விட்டுட்டா?"

எனக்கு ஆற்றாமையாக இருந்தது. இவன் திருடமாட்டான் என்று எனக்குத் தெரியும். அந்த வண்டியின் பெட்ரோலில் ஒரு துளி எடுத்துத் தன் கைக் கறையைக்கூடத் துடைக்கமாட்டான். ஆனால் எனக்குத் தெரிந்து என்ன பயன்? சும்மா இருக்க முடியாமல் அதையும் இதையும் கேட்டேன். வண்டி மேடு ஏறும்போது எப்படி இழுக்கிறது என்றேன். முன்னே மாதிரி இல்லை, மிதித்து மிதித்துத்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது என்றான். புகை? பின்னால் வருகிற பஸ்காரன் ஒருநாள் திட்டினானாம். இதெல்லாம் பெட்ரோல் அதிகம் குடிக்கிற இன்ஜினின் குணம். ஆனால் பிளக்கு நான்கும் அவ்வளவு சுத்தமாக இருந்தனவே, பெட்ரோல் அதிகமானால் கரி பிடித்திருக்குமே என்று நினைத்தபோதுதான் அது உறைத்தது.

"வீரையா, அன்னிக்கு வர்றப்ப பிளக்கைத் தொடச்சியா?"

"பின்ன? கரியோட கொண்டாந்தா மேஸ்திரி ஏசுவாரே. இந்தா, பக்கத்து ஊருணிக்கரையில நிறுத்தி, கழட்டி, உப்புத்தாள் போட்டுத் தேச்சு மாட்டித்தான் கொண்டாந்தேன்."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. தன் பக்கத்துச் சாட்சியைத் தன் கையாலேயே உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு வந்து நின்றிருக்கிறான். அதுவும் மேஸ்திரிக்குப் பயந்து.

மேஸ்திரி வந்ததும் சொன்னேன். அவருக்கு யாரும் தொழில் சொல்வது பிடிக்காது. ஆனால் நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டார். கையிலிருந்த ஸ்பேனரை மேஜைமேல் வைத்தார். "சுத்தமா இருக்கான்னு பார்த்தேன். ஏன் சுத்தமா இருக்குன்னு பார்க்கலை" என்றார். சட்டையை மாற்றிக்கொண்டார். "வாங்க, பஸ்ஸைப் பிடிப்போம்." வீடு தேடிப் போய் வண்டி பார்க்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. அரண்மனை வண்டியே எங்கள் வாசலில் வந்து நின்ற நாள் உண்டு.

செட்டியார் வீட்டில் வரவேற்று மோர் கொடுத்தார்கள். மேஸ்திரி நேராக விஷயத்துக்கு வந்தார். "வண்டியை நான் நிறுத்தி வச்சுத்தான் பார்த்தேன். ஓட்டிப் பார்க்கணும். ஐயாவும் வரணும். ஆளோட, மூட்டையோட போகணும்."

அரிசி மூட்டைகளை டிக்கியிலும் பின் சீட்டுக்குக் கீழேயும் ஏற்றினோம். செட்டியார் தன் தம்பி மகனை ஓட்டச் சொன்னார். மேஸ்திரி ஒப்பவில்லை. "எப்பவும் ஓட்டுறவன்தான் ஓட்டணும்." சாவி மறுபடி வீரையாவின் கைக்குப் போனது.

திருமயம் தாண்டி ஒரு மேடு உண்டு. அதில் வண்டி முக்கிக்கொண்டு பாதி ஏறியபோது, "கிளட்சை மிதி. சாவியை அடை" என்றார் மேஸ்திரி. வண்டி ஓய்ந்து ஓரத்தில் நின்றது. மேட்டில் இழுத்துக்கொண்டிருக்கும்போதே இன்ஜினை அடைத்தால், பிளக்கில் இருப்பது அப்படியே இருக்கும். மெதுவாக ஓடவிட்டு அடைத்தால் மாறிவிடும். முருகேசா, நீ செய்ய வேண்டியது இதுதான்.

கொதிக்கிற பிளக்குகளைத் துணி சுற்றிக் கழற்றி, மட்கார்டின் மேல் வரிசையாக வைத்தேன். முன்னிரண்டும் காவி நிறம், இருக்க வேண்டிய நிறம். பின்னிரண்டும் அடுப்புக் கரி. மேஸ்திரி ஒன்றில் விரலை வைத்துத் தேய்த்து, அந்த விரலைச் செட்டியாரிடம் காட்டினார்.

"ஒங்க பெட்ரோல் இங்கதான் இருக்குங்க."

செட்டியார் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். வீரையா ரோட்டின் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான். அவன் அழுதான் என்று நினைக்கிறேன். போய்ப் பார்க்கவில்லை.

பின்னிரண்டு சிலிண்டருக்கும் பெட்ரோல் கொடுப்பது பின் கார்புரேட்டர். வீட்டுக்குத் திரும்பி, வாசலில் வண்டியை நிறுத்தி இரண்டு குவளையையும் கழற்றினோம். முன் குவளையின் உள்சுவர் மங்கலாக, வழுவழுப்பாக இருந்தது. பின் குவளையின் உள்சுவர் வெளிப்புறத்தைப் போலவே பளபளத்தது. வெயிலில் திருப்பியபோது வட்ட வட்டமாகக் கீறல்கள். மூலையில் துளி சிவப்புப் பொடி.

"இது செங்கப்பொடி இல்ல?" என்றார் மேஸ்திரி. "வீரையா, இதை யாரு கழட்டினது?"

"நான்தான் மேஸ்திரி. ஆயுத பூசைக்கு."

"யாரும் கை வைக்கலைன்னு சொன்னியே."

"ரிப்பேருக்குக் கை வைக்கலைங்களே. பூசைக்குத்தானே கழட்டினேன்."

அவன் பொய் சொல்லவில்லை. பூசைக்குக் கழற்றித் துடைப்பதை இன்ஜினில் கை வைத்ததாக எங்கள் பக்கத்தில் யாரும் நினைக்கமாட்டார்கள். சாமி விளக்கைத் துலக்குவது விளக்கை ரிப்பேர் பண்ணுவதா என்ன? பேச்சுச் சத்தம் கேட்டுச் செட்டியாரின் மனைவி, ஆச்சி, உள்ளேயிருந்து வந்தார்.

"நான்தான் கழட்டச் சொன்னேன். வீரையா துணியால தொடப்பானே ஒழிய வெளக்கினதே இல்ல. பூசையில வைக்கிற சாமானை வெளக்காம வைப்பாகளா? ஆளுக்கு ஒண்ணாக் கொடுத்தேன், வீட்டு வேலை செய்யிற ரெண்டு பிள்ளைககிட்ட. ஒருத்தி மேலாகத் தொடச்சிட்டு வச்சிட்டா. செல்லாயிதான் உள்ளயும் கையை விட்டு, புளியும் செங்கப்பொடியும் போட்டு நல்லா வெளக்கினா."

வேலைக்கு ஏய்த்தவள் துடைத்த குவளை பிழைத்தது. ஒழுங்காக வேலை பார்த்தவள் கையில் கிடைத்ததுதான் போயிற்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேஸ்திரி முறைத்ததும் அடக்கிக்கொண்டேன்.

செட்டியாருக்கு இன்னும் முழுக்க நம்பிக்கை வரவில்லை. "ஒரு தடவை வெளக்கினதுலயா இம்புட்டு?" என்றார். மேஸ்திரி ஆச்சியிடம் கொஞ்சம் பிசைந்த மாவு கேட்டார். பிஸ்டனின் அடியிலுள்ள துளைகளை மாவால் அடைத்தார். முன் பிஸ்டனை அதன் குவளைக்குள் வைத்து, தலைகீழாகப் பிடித்து, பிஸ்டனை மட்டும் கையில் நிறுத்திக் குவளையை விட்டார். குவளை யாரோ தாங்கிப் பிடித்திருப்பதுபோல் மெல்ல மெல்ல இறங்கியது. உள்ளே அடைபட்ட காற்று மயிரிழை இடைவெளியில் நுழைந்துதான் வர வேண்டும். அதனால்தான் அந்த நிதானம். பின் குவளையை அதேபோல் விட்டார். தொப்பென்று செட்டியாரின் காலடியில் விழுந்தது.

செட்டியார் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீரையாவிடம், "நாளையிலேர்ந்து வண்டியை எடு" என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை. ஆனால் உள்ளே போய்த் தானே ஒரு செம்பில் மோர் கொண்டுவந்து அவனிடம் நீட்டினார். அந்த வீட்டில் அது பெரிய காரியம். புதுக் குவளைக்கும் பிஸ்டனுக்கும் மெட்ராசுக்கு எழுதினார். வந்து மாட்டியதும் பழைய கணக்குக்கே பெட்ரோல் குடித்தது.

இத்தோடு முடிந்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம். முடியவில்லை. வியாழக்கிழமை வீரையா மறுபடி வந்து நின்றான். செட்டியார் சத்தியம் வேண்டாமென்று சொல்லியும் கோவில் பூசாரி விடவில்லையாம். கருப்பரைச் சாட்சிக்குக் கூப்பிட்டாகிவிட்டது; சூடம் அணையாமல் அப்படியே விட்டால் ஊருக்கு ஆகாது; யாராவது அணைத்தே தீர வேண்டும் என்றாராம். ஊரும் அதையே சொன்னது. பிளக்கையும் குவளையையும் ஊரில் எத்தனை பேர் பார்த்தார்கள்? சத்தியத்துக்கு மறுத்தவன் என்பது மட்டும்தான் எல்லோருக்கும் தெரியும்.

"நாளைக்கு நான் அணைச்சிடுறேன்" என்றான் வீரையா. "வள்ளி வேண்டாங்குறா. அழுகுறா. ஆனா இந்தப் பேரோட நான் எப்படி அந்த ஊருல வண்டி ஓட்டுறது?"

மேஸ்திரி ஒரு லாரியின் அடியில் படுத்திருந்தார். அங்கிருந்தே, "நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

வெள்ளிக்கிழமை உச்சி வேளை. கோவில் பொட்டலில் கூட்டம், மேஸ்திரியும் நானும் அதில் நின்றோம். செட்டியார் ஓரமாகத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பூசாரி சூடத்தை ஏற்றிவிட்டு வீரையாவைக் கூப்பிட்டார். வீரையா ஓர் அடி எடுத்து வைத்தான். மேஸ்திரி அவன் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளிவிட்டு முன்னே போனார்.

"நீங்க யாருங்க?" என்றார் பூசாரி.

"இவன் மேல பழி வந்தது என் சொல்லால. இன்ஜின் வழியா பெட்ரோல் போகலைன்னு பார்க்காமச் சொன்னவன் நான். நான் அணைக்கிறேன்."

பூசாரி கூட்டத்தைப் பார்த்தார். யாரும் மறுக்கவில்லை. மேஸ்திரி நிமிர்ந்து நின்று சொன்னார்: "பின் பிளக்கு ரெண்டும் கறுத்துருந்ததை என் கண்ணால பார்த்தேன். குவளை தேஞ்சிருந்ததைப் பார்த்தேன்."

"அது பத்தாதுங்க. வீரையா எடுக்கலைன்னு சொல்லணும்" என்றார் பூசாரி.

மேஸ்திரி நின்றார். கண்ணால் பார்க்காததைச் சொல்லும் மனிதர் இல்லை அவர். ஒரே ஒரு தடவை அப்படிச் சொன்னதால் வந்த வினைதான் இவ்வளவும். சூடம் எரிந்துகொண்டிருந்தது. அவர் வீரையாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "வீரையா எடுக்கலை. இது சத்தியம்" என்று சொல்லி உள்ளங்கையால் சூடத்தை அமுக்கினார்.

மூவரும் பஸ்ஸுக்காக ரோட்டுக்கு நடந்து வந்தோம். புளியமரத்தடியில் நின்றதும் வீரையா சொன்னான்.

"ஒங்க வீட்டுலயும் ரெண்டு புள்ளைக இருக்கே மேஸ்திரி. உண்மையா இருந்தாலும் வம்சத்தைத் தொடும்னுதானே நான் பயந்து நின்னேன்."

"தெரியும்" என்றார் மேஸ்திரி. "அதான் ஒன்னை அணைக்க விடலை."

பஸ் வந்தது. வீரையா ஊரிலேயே நின்றுகொண்டான், நாங்கள் இருவரும் ஏறினோம். புதுக்கோட்டை வரும்வரை மேஸ்திரி ஜன்னல் பக்கமாகவே பார்த்துக்கொண்டு வந்தார். பட்டறையில் இரண்டு வண்டிகள் திறந்தபடி கிடந்தன. வேலை நேரத்தில் அவர் சொந்தக் காரியத்துக்காகப் பட்டறையை விட்டுப் போய் நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டுக்கு முந்தின நிறுத்தத்திலேயே எழுந்துகொண்டார்.

"நீ போய் ஆரம்பி. நான் வீட்டுக்குப் போயி பிள்ளைகளைப் பார்த்துட்டு வாரேன்" என்று சொல்லி இறங்கிப் போனார்.